பழசக் காட்டு

ஒரு தவறும் செய்யாத ஒருவர், ஐந்தாறு டிரைவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, "தப்பு என்மேலதான் தம்பி" என்று ஏன் சொன்னார்? ஐந்து வருடமாக இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் ஒரு பதில் சரியென்று தோன்றும். மறுநாள் அதையே சந்தேகப்படுவேன். எனக்கு அது பழக்கம்தான். கேஸை அணைத்தேனா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பார்க்கிறவள் நான்.

அந்த அக்காவின் பெயர் எனக்குத் தெரியும். எழுதலாமா என்று அவரிடம் கேட்கவில்லை, அதனால் எழுதவில்லை. மேலப்பாளையம் போகும் சாலையில், ஒரு டயர் கடைக்கும் ஒரு பழக்கடைக்கும் நடுவே அவருடைய கடை இருந்தது. லோடு வண்டிகளுக்கான பிரேக் சாமான்கள் மட்டும்தான் விற்றார். பெயர்ப்பலகையில் இருந்தது சவூதியில் வேலை பார்த்த அவர் கணவரின் பெயர். முஸ்லிம் டிரைவர்கள் அவரை 'லாத்தா' என்பார்கள், மற்றவர்கள் 'எக்கா' என்பார்கள். வயது நாற்பதை ஒட்டி இருக்கும். முக்காடு நழுவாமல், தலையை அசைக்காமல் பேசுவார். வலது கட்டைவிரல் நகத்தில் மட்டும் எப்போதும் மருதாணிச் சிவப்பு இருக்கும். அது அழகுக்காக என்று முதலில் நினைத்தேன். அந்த நகத்தை வைத்துத்தான் அவர் இரும்பைப் படித்தார் என்று பிறகுதான் தெரிந்தது.

யார் வந்து எதைக் கேட்டாலும் அவர் சொல்லும் முதல் வார்த்தை ஒன்றுதான். கையை நீட்டி, "பழசக் காட்டு" என்பார்.

ஒருமுறை நான் நின்றிருக்கும்போது ஒரு டிரைவர் அவசரமாக வந்தார்.

"எக்கா, முன்வீலுக்கு பிரேக் பேடு ஒரு செட்டு குடுங்க."

"பழசக் காட்டு."

"அது ஒர்க்‌ஷாப்புல கெடக்குக்கா. தேஞ்சு போச்சு, குப்பையில போடுத சாமான்."

"போயி எடுத்துட்டு வா."

"அது எதுக்குக்கா? நான்தான் சொல்லுதேன்லா, வண்டி எப்படி ஓடுதுன்னு."

"நீ பொய் சொல்லுவ. அது சொல்லாது."

ஓரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த இன்னொரு டிரைவர் சிரித்தார். "போயி எடுத்துட்டு வாரும்வே. லாத்தாட்ட பல்செட்டு வாங்கப் போனாக்கூட பழைய பல்லத்தான் கேப்பாங்க."

பேடு கேட்டவர் முனகிக்கொண்டே போனார். ஆனால் அரை மணியில் பழைய பேடைக் காகிதத்தில் சுற்றி எடுத்து வந்துவிட்டார். எல்லாரும் அப்படித்தான் வந்தார்கள்.

பழைய பேடு கைக்கு வந்ததும் அவர் ஒரு பெயின்ட் பிரஷால் கருந்தூசியைத் துடைப்பார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். சக்கரத்தோடு சுற்றும், பேடு கவ்விப் பிடிக்கும் இரும்புத் தட்டான டிஸ்க் என்றால் அந்தச் சிவப்பு நகத்தை அதன் முகத்தில் வைத்து நடுவிலிருந்து விளிம்பு வரை பைய இழுப்பார். தேய்ந்த டிஸ்க்கின் ஓரத்தில் ஒரு சின்ன வரப்பு எழும்பியிருக்கும். நகம் அதில் இடறும். எவ்வளவு இடறுகிறது என்பதை வைத்து, இன்னும் ஓடுமா, மாற்றத்தான் வேண்டுமா என்று சொல்வார். அளக்கும் கருவியும் அவரிடம் இருந்தது. ஆனால் நகத்துக்குப் பிறகுதான் அதை எடுப்பார்.

புதுச் சாமானைப் பற்றி மட்டும் ஒரு நல்ல வார்த்தை அவர் வாயிலிருந்து வராது. "இது நல்லா இருக்குமாக்கா?" என்று கேட்டால், "தெரியாது. தேஞ்ச பெறகு கொண்டா, சொல்லுதேன்" என்பார். இப்படிச் சொன்னால் கடை எப்படி ஓடும் என்று நினைப்பேன். ஆனால் ஓடியது.

என்னைப் போன்ற ஒருத்திக்கு அவர் பெரிய சோதனை. நான் வாழ்வதே நாலு பேர் "ஒண்ணும் ஆகாது" என்று சொல்வதை நம்பித்தான். மகனுக்கு அப்போது எட்டு மாதம். ஒரு நாள் அவனைத் தடுப்பூசிக்குக் கொண்டுபோய்விட்டுத் திரும்பும் வழியில் பிரேக் ஆயில் வாங்க நின்றேன். முந்தின இரவிலிருந்தே அவனுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. சளியோடு ஊசி போட்டுவிட்டோமே என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

"சரியாயிரும்லக்கா?" என்று கேட்டுவிட்டேன். யாரைப் பார்த்தாலும் கேட்கிற கேள்விதான்.

"தெரியாது" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. "மேல் சூடு இருக்கா? பாலு குடிச்சானா? காலையிலருந்து எத்தன தடவ ஒண்ணுக்குப் போனான்?" என்று வரிசையாகக் கேட்டார். சூடு இல்லை, இரண்டு பக்கமும் குடித்தான், ஐந்து முறை போயிருக்கிறான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொல்லி முடித்தபோது என் பயம் பாதியாகிவிட்டிருந்தது. அவர் பிரேக் ஆயில் பாட்டிலைத் துடைத்து என் பையில் வைத்தார்.

"போயிட்டு வா. ஒன் இடது செருப்ப மட்டும் கழத்திக் காட்டிட்டுப் போ."

எதற்கென்று புரியாமல் கழற்றிக் கொடுத்தேன். கடைக்கு முன்னால் நாலு பேர் நிற்கிறார்கள். எனக்கு ஒரே வெட்கம். அவர் செருப்பைத் திருப்பி, குதிகாலில் நகத்தை வைத்து இழுத்தார்.

"பிள்ளய எப்பவும் இடது இடுப்புலயே வைக்க. இந்தக் குதி பாதி தேஞ்சிட்டு. ராத்திரி இந்தப் பக்கத்து முதுகு வலிக்கும்லா?"

வலித்தது. டாக்டரிடம்கூட நான் சொல்லவில்லை.

"மாத்தி மாத்தி வை. வண்டியானாலும் மனுசியானாலும் ஒரு பக்கமாத் தேயக் கூடாது."

எங்கள் வண்டி ஒரு பாரவண்டி, பெரிய பிக்கப். ஸ்ரீவைகுண்டம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வாழைத்தார் ஏற்றிக்கொண்டு, செங்கோட்டை வழியாக ஆரியங்காவு தாண்டி, கேரளாவுக்குப் போகும். என் கணவர்தான் ஓட்டுகிறார். நான் கணக்கில் பட்டம் வாங்கியவள். அதனால் சாமான் வாங்குவது மட்டும் என் தலையில். "நீ படிச்சவ. பெட்டியில இங்கிலீஷ்ல என்னமோ போட்டிருக்கான், பாத்து வாங்கு" என்பார். படித்தவளுக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிறார்கள். படித்தவளுக்குத் தெரிவதெல்லாம், எத்தனை விதமாகத் தப்பாகப் போகலாம் என்பதுதான்.

மகனுக்கு ஒரு வயது ஆகும் சமயத்தில், முன்சக்கரங்களின் டிஸ்க் இரண்டையும் பேடோடு சேர்த்து மாற்ற வேண்டும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். வண்டி ஒர்க்‌ஷாப்பில் நின்றது. என் கணவர் வேறொருவர் வண்டிக்கு மாற்று டிரைவராகப் போயிருந்தார். நான் இரண்டு நாள் போனில் தேடி, ஒரு நோட்டில் மூன்று விதமான டிஸ்க்குகளைப் பற்றி எழுதி வைத்துக்கொண்டேன். ஒன்று சாதாரணம், ஒன்று வரி போட்டது, ஒன்று முகமெல்லாம் சின்னச் சின்ன ஓட்டை போட்டது. பழைய டிஸ்க் ஒன்றையும் பேடுகளையும் சாக்கில் கட்டி, பிள்ளையை வலது இடுப்பில் வைத்துக்கொண்டு, ஆட்டோவில் போய் இறங்கினேன்.

நோட்டைத்தான் முதலில் நீட்டினேன். அவர் அதைத் தொடவே இல்லை. சாக்கைப் பிரித்து, டிஸ்க்கைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பினார்.

"எவ்வளவு பாரம் ஏத்துவாரு?"

"ஒன்றரை டன்க்கா."

"யாரு சொன்னா?"

"அவங்கதான்."

அவர் டிஸ்க்கை என் பக்கம் திருப்பினார். இரும்பின் மேல் இங்கும் அங்கும் நீலம் பாய்ந்திருந்தது, மயில் கழுத்து நிறத்தில். பார்க்க அழகாகக்கூட இருந்தது.

"இரும்பு இப்படி நீலம் பாயணும்னா அடுப்புல வெச்ச மாதிரி காயணும். இது ஒன்றரை டன் இல்ல தங்கச்சி. ரெண்டரைக்கு மேல. எறக்கத்துல கியர்ல விடாம, பிரேக்க மிதிச்சிக்கிட்டே எறங்கிருக்காரு. அந்த ரோட்டுல எத்தன வளைவு இருக்குன்னு தெரியுமா ஒனக்கு?"

தெரியாது. என்னை அவர் அந்தப் பாதையில் கூட்டிப்போனதே இல்லை. டிஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 'பயப்படாத' என்று அக்கா சொல்வார் என்று ஒரு நிமிடம் காத்திருந்தேன். சொல்லவில்லை.

பிறகு நோட்டைப் பார்த்தார். ஓட்டை போட்ட டிஸ்க்கின் மேல் விரலை வைத்தார். "இத ஏன் எழுதிருக்க?"

"சீக்கிரம் சூடு ஆறும்னு போட்டிருக்குக்கா."

"ஓட்டை போட்டா அந்த அளவுக்கு இரும்பு கொறையும்லா? பாரவண்டிக்குச் சூட்ட வாங்கி வெச்சுக்கிட இரும்பு வேணும். காஞ்சு காஞ்சு ஓட்டையிலருந்துதான் கீறலும் விடும். ஒங்க வண்டி என்ன, கல்யாண ஊர்வலமா போகுது?"

சாதாரண டிஸ்க்கில் கனமானதை எடுத்துவைத்தார். பேடில் இரண்டு விதம் காட்டினார். "இது கெட்டி. சூடு தாங்கும். ஆனா டிஸ்க்கத் திங்கும், கத்தவும் செய்யும். இது மெதுவு. கத்தாது, டிஸ்க்கத் திங்காது. ஆனா நீள எறக்கத்துல கைவிட்டாலும் விட்டுரும். ஒண்ணையும் திங்காத பேடு இன்னும் பொறக்கல. எது வேணும்னு நீதான் சொல்லணும்."

"நீங்களே சொல்லுங்கக்கா."

"மலையில போறது ஒன் வீட்டுக்காரரு. நான் எப்படிச் சொல்ல?"

என் வாழ்க்கையில் நான் யோசிக்காமல் எடுத்த முடிவுகள் மிகக் குறைவு. அதில் ஒன்று இது. "கெட்டியானதே குடுங்க."

"கத்துமே?"

"கத்தட்டும்க்கா. நின்னாப் போதும்."

அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். பில் போடும்போது ஒன்று சொன்னார். "புது டிஸ்க்குல துருப் பிடிக்காம இருக்க எண்ணெ பூசிருப்பாங்க. பெட்ரோல்ல நல்லாத் தொடச்சிட்டு மாட்டச் சொல்லு." பேடைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கும் என்று அவர் எப்படி நினைத்திருப்பார்?

எங்கள் வீட்டில் எந்தப் புதுச் சாமான் வந்தாலும் சாமிக்கு முன்னால் வைத்து, பொட்டு வைத்துத்தான் புழங்குவோம். குக்கர், மிக்சி, மகனின் நடைவண்டி எல்லாவற்றுக்கும் வைத்தேன். மறுநாள் வெள்ளிக்கிழமை. இவற்றை வண்டியில் மாட்டிக்கொண்டு என் கணவர் மலைக்குப் போகப் போகிறார். ரெண்டரை டன் என்ற வார்த்தை வேறு காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. பெட்டியைப் பிரித்து நாலு பேடுகளையும் தட்டில் வைத்தேன். இரும்பில் குங்குமம் ஒட்டாதே என்று, விளக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெயில் தாராளமாகக் குழைத்தேன். ஒவ்வொரு பேடின் முகத்திலும் பெரிதாக மூன்று பொட்டுகள். இரண்டு பேடுகள் முடிந்தபோது மகன் கட்டில் காலில் மோதி அழுதான். அவனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். மற்ற இரண்டும் அப்படியே நின்றுபோயின. மறுநாள் மெக்கானிக் பொட்டு வைத்த பேடைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மாட்டினாராம்.

மதியம் தென்மலையிலிருந்து என் கணவரின் போன் வந்தது.

"ஏட்டி, என்னத்த வாங்கிக் குடுத்த? பிரேக்க மிதிச்சா வண்டி எடப்பக்கமா இழுக்கு. வளைவுல ஒரு சாண் விட்டிருந்தா பாலத்துக் கைப்பிடியோட போயிருப்பேன்."

நான் அப்போது நினைத்ததை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. 'ஐயோ, ரெண்டு பேடுக்குப் பொட்டு வைக்காமல் விட்டேனே, அதனால்தான் இழுக்கிறது' என்று நினைத்தேன். சாமி முன்னால் விழுந்து கும்பிட்டேன். அவர் வந்ததும் அந்த இரண்டையும் கழற்றச் சொல்லி, பொட்டு வைத்து மாட்ட வேண்டும் என்றுகூடத் திட்டம் போட்டேன். கணக்கில் பட்டம் வாங்கியவள்.

அவர் கீழ்க்கியரிலேயே ஊர்ந்து திரும்பி வந்தார். பேடுகளைக் கழற்றி எடுத்துக்கொண்டு நேரே கடைக்குப் போனார். நானும் பிள்ளையோடு பின்னால் ஓடினேன்.

"என்னக்கா, ஒங்கள நம்பித்தானே வாங்குனோம்? டூப்ளிகேட்டத் தலையில கட்டிட்டியளே. பிள்ளகுட்டிக்காரன்க்கா நான்."

கடையில் ஐந்தாறு டிரைவர்கள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா கையை நீட்டி வாங்கினார். பிரஷால் துடைத்தார். இரண்டு பேடுகளைத் தள்ளிவைத்துவிட்டு, மற்ற இரண்டில் ஒன்றை மூக்குக்கு அருகில் கொண்டுபோனார். நான் நின்ற இடம்வரை அடித்தது. கருகிய விளக்குத் திரியின் வாசனை.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் நெற்றியைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். நான் பொட்டு வைத்த இரண்டு பேடுகளும் ஒரே சக்கரத்தில் இருந்தவை என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. எண்ணெய் ஏறிய பக்கம் பிடிக்கவில்லை, ஏறாத பக்கம் பிடித்தது. அதனால் வண்டி ஒரு பக்கமாக இழுத்திருக்கிறது. சாமி ஒன்றும் செய்யவில்லை. நான்தான் செய்திருக்கிறேன்.

"தப்பு என்மேலதான் தம்பி" என்றார் அக்கா. "வேற செட்டு தாரேன். கொண்டுபோங்க."

சண்டைக்குத் தயாராக வந்த என் கணவர் கடையை விட்டு இறங்கினார். புதுப் பெட்டியை அக்கா என் கையில் கொடுத்தார். எனக்கு மட்டும் கேட்கும்படி, "பெட்டியப் பிரிக்காம அப்படியே மெக்கானிக் கையில குடு, தங்கச்சி" என்றார்.

அந்த நேரத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. பிள்ளை அழுதான், கூட்டமாக இருந்தது, என் கணவர் கோபமாக இருந்தார் என்றெல்லாம் சொல்லலாம். எதுவும் காரணம் இல்லை. பயந்தேன், அவ்வளவுதான்.

ஏன் அப்படிச் சொன்னார்? என் கணவர் என்னை எல்லார் முன்னாலும் ஏசிவிடுவார் என்று இரக்கப்பட்டாரா? அல்லது, ஒரு முஸ்லிம் கடைக்காரர் எங்கள் வீட்டுக் குங்குமத்தைக் குறை சொன்னார் என்று யாராவது எடுத்துக்கொள்வார்கள் என்று தயங்கினாரா? இப்படி ஒரு எண்ணம் எனக்கு வந்ததே ஒரு வருத்தம். அல்லது, பேடில் எண்ணெய் படக் கூடாது என்று சொல்லாமல் விட்டதை உண்மையாகவே தன் தப்பு என்று நினைத்தாரா? பதினைந்து நாள் கழித்து அந்தக் கடையில் ஓர் அட்டை தொங்கியதைப் பார்த்ததும் இந்த மூன்றாவது பதில்தான் சரி என்று தோன்றியது. அதில் பெரிய எழுத்தில் இப்படி எழுதியிருந்தார்: 'பேடில் எண்ணெய், தண்ணீர், மஞ்சள், குங்குமம், விபூதி, அத்தர் எதுவும் படக் கூடாது. வேண்டுதலைப் பெட்டியின் மேலேயே வையுங்கள்.'

தங்கள் பக்கத்து அத்தரையும் சேர்த்திருந்தார். அந்த ஒரு வார்த்தையை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று தெரியாது.

"அக்கா, அன்னைக்கு..." என்று தொடங்கினேன்.

"பிள்ளய இப்ப எந்தப் பக்கம் வைக்க?"

"மாத்தி மாத்தித்தான்க்கா வைக்கேன்."

"செருப்பக் காட்டு" என்றார். காட்டினேன். தலையாட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார். என்னைப் பேச விடவே இல்லை.

ஆனால் என் கணவர் பேசிவிட்டார். லோடு வண்டிகள் நிற்கும் ஸ்டாண்டில், "அந்தக் கடைக்குப் போகாதியவே, டூப்ளிகேட்டு" என்று அவர் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். கேட்டும் பேசாமல் வீட்டுக்கு வந்து சோறு வடித்தேன். எட்டு மாதம் கழித்து ஒரு நாள் அந்தக் கடை பூட்டிக் கிடந்தது. குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டார்கள் என்றார் பக்கத்து டயர் கடைக்காரர். எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை. எங்களால்தானோ என்ற நினைப்பு அன்று என்னோடு வீட்டுக்குள் வந்தது. பிறகு போகவே இல்லை.

நீலம் பாய்ந்த அந்தப் பழைய டிஸ்க்கை நான் தூக்கிப் போடவில்லை. நடுவில் ஓட்டை இருப்பதால் குடம் அசையாமல் உட்காரும். அடுக்களையில் புரிமணை மாதிரி வைத்துக்கொண்டேன். பாரத்தைப் பற்றி என் கணவரிடம் நேராகக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. தண்ணீர் மொள்ளும்போதெல்லாம் அவர் கண்ணில் அந்த நீலம் படட்டும் என்று மட்டும் நினைத்தேன். ஒரு வருடம் கழித்து ஒரு நாள் குடத்தை நகர்த்திவிட்டு, "இது ஏன் இப்படி நீலமா இருக்கு?" என்று கேட்டார். அந்த அக்கா சொன்னதைச் சொன்னேன். யார் சொன்னது என்பதை மட்டும் சொல்லவில்லை. அவர் குடத்தைத் திரும்ப அதன் மேல் வைத்துவிட்டுப் போனார்.

போன வாரம் மறுபடியும் டிஸ்க் மாற்றும் வேளை வந்தது. "நீதான் படிச்சவ, போன்ல பாத்துச் சொல்லு" என்றார். பார்த்தேன். இப்போது நாற்பது விதம் வருகிறது. ஒவ்வொன்றின் கீழும் 'சூப்பர்', 'சூப்பர்' என்று எழுதியிருக்கிறார்கள். ஒருவர்கூடத் தன் வண்டி எவ்வளவு ஏற்றுகிறது, எந்த மலையில் இறங்குகிறது என்று எழுதவில்லை. நோட்டில் பதினோரு பெயர்கள் எழுதி, பதினொன்றையும் அடித்தேன். பிறகு அவரிடம் கேட்டேன்.

"பழச எங்க வெச்சிருக்கிய?"

செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். மகனின் பழைய பல் பிரஷால் துடைத்தேன். நாலு பேடுகளும் ஒரே அளவாகத் தேய்ந்திருந்தன. போன செட்டைவிட இரண்டு மடங்கு காலம் உழைத்திருந்தன. டிஸ்க்கில் வரப்பு இருந்தது. நகம் இடறியது. ஆனால் எங்கும் நீலம் இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு பொட்டு நீலம்கூட இல்லை. இவர் பாரத்தைக் குறைத்திருக்கிறார். கியரில் இறங்கியிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரும்பு சொல்லிவிட்டது.

அந்தச் சந்தோஷத்தில்தான் எனக்குத் தைரியம் வந்தது. அங்கேயே, கருந்தூசிக் கையோடு, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நல்லெண்ணெய், குங்குமம், கட்டில் கால், இரண்டு பேடு. அவர் குடத்தடியில் இருந்த டிஸ்க்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அஞ்சு வருசமாச் சொல்லாம இருந்திருக்க."

"ஆமா."

"நான் எத்தன பேருட்டச் சொல்லிருக்கேன் தெரியுமாட்டி, அந்தக்கா கடையப் பத்தி?"

"தெரியும். அதான் சொல்ல முடியல."

எழுந்து வெளியே போய்விட்டார். காலையில் டீகூடக் குடிக்காமல் ஸ்டாண்டுக்குக் கிளம்பினார். மத்தியானம் சாப்பிட வந்தபோது முகம் தெளிந்திருந்தது.

"ஸ்டாண்டுல சொல்லிட்டேன். அந்தக்கா சாமான்ல தப்பில்லவே, எங்க வீட்டு நல்லெண்ணெயிலதான் தப்புன்னு. எல்லாவனும் சிரிக்கான். இனிமே என் பேரு நல்லெண்ணெ அண்ணாச்சியாம்." சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "அவங்க தென்காசியில இருக்காங்களாம். வீட்டுக்காரரு ஊருக்கு வந்துட்டாராம், அவரு சொந்த ஊரு அதானாம். அங்கன கடை போட்டிருக்காங்க. நம்ம வண்டி போற ரோடுதான். தெனமும் அந்தக் கடையத் தாண்டித்தான் போயிருக்கேன் பாத்துக்கோ."

கடையை மாற்றியது எங்களால் இல்லை போலிருக்கிறது. முழுக்க இல்லை என்று சொல்ல மாட்டேன். தெரியாது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் தென்காசிக்குப் போகிறோம். இரண்டு டிஸ்க், நாலு பேடு, எல்லாவற்றையும் சாக்கில் கட்டியாகிவிட்டது. எனக்குப் புதுச் செருப்பு இருக்கிறது. ஆனால் பழையதைத்தான் போட்டுக்கொண்டு போகிறேன். இரண்டு குதியும் ஒரே அளவாகத் தேய்ந்திருக்கின்றன.

படிக்கிறவர்களிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். அவர் கையை நீட்டுவார், அது நிச்சயம். பேடை முதலில் கொடுத்தால் அதைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார், என்னைப் பேச விடமாட்டார். மன்னிப்பை முதலில் கேட்டால், அன்று என் மானத்தைக் காக்க அவர் மறைத்ததை நானே நாலு பேர் முன்னால் போட்டு உடைத்தது போல ஆகுமோ என்று பயமாக இருக்கிறது. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்கலாமா, கேட்காமல் விடுவதுதான் மரியாதையா, அதுவும் தெரியவில்லை. வருடங்கள் கழித்து யாரிடமாவது போய் மன்னிப்புக் கேட்டவர்கள் உங்களில் இருந்தால், முதலில் எதைச் சொன்னீர்கள், அது எப்படிப் போனது என்று எழுதுங்கள். 'ஒண்ணும் ஆகாது' என்று மட்டும் எழுத வேண்டாம். நடந்ததை எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் கிடைத்தால் நல்லது.